அம்மா, மகன், ஒரே வீடு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பென்னாகரத்திலிருந்து: அம்மாவுக்குத் தோள்பட்டை வலி. ஆறு மாசமா நான்தான் களி கிண்டுறேன். தினமும் கட்டின்னு குறை. நேத்து ஒவ்வொரு கட்டியா எடுத்துத் தட்டு ஓரத்துல வரிசையா வச்சு, "எண்ணிப் பாரு"ன்னாங்க. என்ன பண்றது அண்ணா?

பதில்: அம்மா சொல்வது சரி தம்பி. அந்தக் கட்டி, வேகாத மாவு. வயதானவர்களுக்கு விழுங்கவும் சிரமம். முறையை மாற்றுங்கள்.

இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் ராகி மாவு, ஒரு கைப்பிடி நொய், இரண்டரை டம்ளர் தண்ணீர், உப்பு. தண்ணீர் கொதித்ததும் நொய்யைப் போட்டு, விரலில் மசியும் வரை வேகவிடுங்கள். அதிலிருந்து அரை டம்ளர் கஞ்சித் தண்ணீரை முகந்து, ஆறாமல் மூடி வையுங்கள். தீயைக் குறைத்து மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கொட்டிய கையோடு கிளறுவதால்தான் கெடுகிறது. மாவின் வெளிப்பக்கம் கொதிநீர் பட்டுப் பசையாக மூடிக்கொள்ளும், உள்ளே ஈரம் போகாது. கிளறாமல், துடுப்புக் காம்பால் குவியலின் நடுவே அடிவரை ஒரு துளை போட்டு, தட்டு மூடி ஏழெட்டு நிமிடம் விடுங்கள். துளை வழியே தண்ணீர் பொங்கி ஏறி மாவு ஆவியில் வெந்துவிடும்.

பிறகு இறக்கிவைத்து, பாத்திரம் ஆடாமல் பிடித்துக்கொண்டு, மாவைச் சுவரோடு அழுத்தி அழுத்திக் கிளறுங்கள். இறுகினால் எடுத்துவைத்த கஞ்சித் தண்ணீரைச் சூடாக விடுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், களி குழைந்துவிடும். மறுபடி இரண்டு நிமிடம் சிறு தீ. நனைத்த விரலில் ஒட்டவில்லை என்றால் பதம்.

அடுப்புக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். பதம் பார்ப்பதும் உருண்டை பிடிப்பதும் அவர் பொறுப்பு. அதற்குத் தோளைத் தூக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷம் அந்த அடுப்பு அவருடையது என்பதை மறந்துவிடாதீர்கள்.

பாலக்கோட்டிலிருந்து: பைப்பில் ஒகேனக்கல் தண்ணி வருது. அம்மா அதை "சப்புனு இருக்கு"ன்னு செடிக்கு ஊத்திட்டு, போர் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கிறாங்க. காய்ச்சினா போதும்தானே?

பதில்: போதாது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் புளூரைடு கூடுதல். காய்ச்சினால் கிருமிதான் சாகும், புளூரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். மெழுகுவத்தி வடிகட்டியும் அதைப் பிடிக்காது. 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காக வந்ததுதான்.

வாக்குவாதம் வேண்டாம், தண்ணீரைச் சோதித்து விடுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து (கண்ணாடி பாட்டில் வேண்டாம், புளூரைடு அளவு மாறலாம்) குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. ஆய்வக முடிவுத் தாளை அம்மாவிடமே காட்டுங்கள். களி, குழம்பு, காபி எல்லாவற்றுக்கும் பைப் தண்ணீர்தான். களி நிறையத் தண்ணீர் குடிக்கும் பண்டம் அல்லவா? போர் தண்ணீர் துணிக்கும் செடிக்கும் போகட்டும். ருசிக்கு, பானையில் ஊற்றிவைத்து நான்கைந்து துளசி இலை போடுங்கள்.

போச்சம்பள்ளியிலிருந்து: அம்மாவுக்கு சுகர். செந்தூரா மாம்பழத்தை பீரோவில் வச்சுப் பூட்டினேன். பழம் மட்டும் குறையுது. இன்னொரு சாவி அவங்க சுருக்குப்பையில இருந்திருக்கு!

பதில்: பூட்டை எடுத்துவிடுங்கள். ஒளித்துச் சாப்பிடுவதில்தான் நிஜமான ஆபத்து இருக்கிறது. டாக்டரிடம் "ஒண்ணுமே சாப்பிடல" என்பார், டாக்டரும் மாத்திரையைக் கூட்டுவார். ஒரு நாள் உண்மையிலேயே சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கணக்கையும் பாருங்கள். 100 கிராம் மாம்பழத்தில் மாவுச்சத்து சுமார் 15 கிராம். 100 கிராம் ராகி மாவில் 65 கிராமுக்கு மேல். பழத்தைப் பூட்டிவிட்டு உருண்டையைப் பெரிதாகப் பிடித்தால் என்ன பயன்? சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, காலை 11 மணிக்கு இரண்டு துண்டு கொடுங்கள். சாப்பாட்டோடு வேண்டாம். உருண்டையைப் பாதியாக்கி, கீரைக் கடைசலைக் கூட்டுங்கள்.

அரூரிலிருந்து: அம்மா வைக்கிற டிவி சத்தம் தெருமுனை வரை கேக்குது. குறைச்சா, "நீ பேசுறதுதான் முணுமுணுன்னு இருக்கு"ங்கறாங்க.

பதில்: அவருக்கு அப்படித்தான் கேட்கும். வயதில் முதலில் போவது மேல் சுருதி ஒலிகள். ச, த, ப போன்ற எழுத்துகள் நழுவிவிடும். குரல் கேட்கும், வார்த்தை புரியாது. கத்தினால் இன்னும் குழம்பும். முன்னால் வந்து, முகம் தெரிய, கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். மிக்சி ஓடும்போது பேசவே வேண்டாம்.

முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சிய எண்ணெயும் ஊக்கும் வேண்டாம். டிவிக்கு ஒரு சிறு ஸ்பீக்கர் வாங்கி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வையுங்கள், பாதிச் சத்தமே போதும்.

ஓசூரிலிருந்து: ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி ஒரு மணிக்கு வர்றேன். சாவி இருந்தும் பயனில்லை, உள்ளே தாழ்ப்பாள். நான் தட்டுற வரை அம்மா தூங்குறதும் இல்லை.

பதில்: தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சாவி போடும் பூட்டு மாட்டுங்கள். உள்பக்கச் சாவி கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கட்டும். தட்டும் சத்தத்துக்கு இருட்டில் பதறி எழுந்து விழுவதுதான் பயம், பிபி மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும். எழுந்தால் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகே நடக்கச் சொல்லுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு சிறு விளக்கு எரியட்டும். வந்ததும் வாசல் லைட்டை அணைப்பது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். அவர் கண் விழித்துப் பார்த்தால் இருட்டாக இருக்கும், நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.