வாசகர் கேள்வி-பதில்: இரண்டே படத்தில் ஒரு முழு அறை

கேள்வி: வீடு விற்கும் தளங்களில் மவுஸை இழுத்தால் அறை முழுக்கச் சுற்றித் தெரிகிறதே, இதை முதலில் உருவாக்கியவர் யார்? (வாசகர், திருச்சி)

பதில்: ஒரே பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது. ஆனால் அமெரிக்க வீட்டுத் தரகர்களின் கைக்கு இதைக் கொண்டுசேர்த்ததில் டென்னசி மாநில நிறுவனம் ஒன்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் தொலைவிலிருந்து இயக்கும் எந்திரக் கைகளில் வேலை பார்த்த பொறியாளர் லீ மார்ட்டின் தொடங்கிய டெலிரோபாட்டிக்ஸ் இன்டர்நேஷனல் அது.

அவர்கள் தீர்க்க முயன்ற சிக்கலுக்கும் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. கதிர்வீச்சு உள்ள இடத்திலோ விண்வெளியிலோ கேமராவைத் திருப்பும் மோட்டார் பழுதானால், ஆள் போய்ச் சரிசெய்ய முடியாது. கேமரா அசையாமல் பார்வை மட்டும் திரும்ப வேண்டும். மீன்கண் லென்ஸ் எதிரே உள்ள அரைக்கோளம் முழுவதையும் ஒரே வட்டப் படமாகப் பிடித்துவிடும். அதில் வேண்டிய பகுதியை மட்டும் கணக்கிட்டு நிமிர்த்திக் காட்டினால் போதும். நாசாவின் லாங்லி மையத்துக்காகச் செய்த இந்த வேலைக்கு 1993இல் ஸ்டீவன் சிம்மர்மன் பெயரில் காப்புரிமை கிடைத்தது. இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்தால் முழு அறை என்பது அதன் அடுத்த படி. நிறுவனம் பின்னர் ஐபிக்ஸ் ஆனது. 2000இல் வீட்டுச் சுற்றுக்காட்சி நிறுவனமான பாம்பூ.காமுடன் இணைந்தது. 2006இல் திவாலானது.

கேள்வி: ஆப்பிளின் குவிக்டைம் வி.ஆர். என்ற சுற்றுக்காட்சி மென்பொருளும் இருந்ததே? அதற்கும் ஐபிக்ஸுக்கும் என்ன வித்தியாசம்? (வாசகி, கோவை)

பதில்: 1995இல் வந்த அது உருளை முறை. 15 மி.மீ. லென்ஸ் போட்ட 35 மி.மீ. கேமராவைச் செங்குத்தாக வைத்து, 30 டிகிரிக்கு ஒன்றாக 12 படம் எடுத்துப் பக்கவாட்டில் ஒட்டுவார்கள். மேலும் கீழுமாகச் சுமார் 100 டிகிரிதான் கிடைக்கும். தலைக்கு மேலிருக்கும் கூரையும் காலடித் தரையும் படத்தில் வராது. வீடு வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அந்த இரண்டையும்தான்!

ஐபிக்ஸ் முறையில் இரண்டே படம். 1999இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950 கேமராவில் எஃப்சி-ஈ8 என்ற மீன்கண் இணைப்பைத் திருகினால் 183 டிகிரி தெரியும். ஒன்று எடுத்து, 180 டிகிரி திருப்பி இன்னொன்று. ஒவ்வொரு ஒட்டிலும் 3 டிகிரி மட்டுமே பொதுவாக இருக்கும். தெளிவு குறைவுதான். 1600×1200 புள்ளிப் படத்தில் வட்டத்தின் விட்டம் 1200ஐத் தாண்டாது. அதாவது டிகிரிக்கு ஆறரைப் புள்ளி. ஆனால் தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தந்த அன்றைய 56 கே மோடத்தில் 150 கிலோபைட் கோப்பு இறங்கவே 21 நொடிக்கு மேல் ஆகும். அதற்கு இந்தத் தெளிவு தாராளம்.

கேள்வி: அதே பழைய கேமராவும் மீன்கண் இணைப்பும் கையில் இருக்கின்றன. இரண்டு படத்தையும் ஒட்டினால் கதவு நிலை வெட்டுப்பட்டு நிற்கிறது. பக்கத்து நாற்காலியில் ஒரு துண்டைக் காணவே இல்லை. ஏன்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கேமரா தன் உடம்பை வைத்துச் சுழல்கிறது, லென்ஸின் பார்வைப் புள்ளியை, அதாவது லென்ஸ் எந்த இடத்திலிருந்து பார்க்கிறதோ அந்த இடத்தை, வைத்துச் சுழலவில்லை. டிரைபாட் திருகு உடம்பில் இருக்கிறது, மீன்கண் இணைப்போ முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்வைப் புள்ளி சுழல் அச்சுக்கு 5 செ.மீ. முன்னால் இருந்தால், திருப்பியபின் இரண்டு பார்வைக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளி விழும். ஒவ்வொரு படமும் 90 டிகிரியைத் தாண்டிப் பார்ப்பது ஒன்றரை டிகிரிதான். அதனால் ஒட்டு விழும் திசையில் சுமார் 1.9 மீட்டருக்குள் இருக்கும் பொருள் இரண்டு படத்திலிருந்தும் நழுவலாம். நாற்காலித் துண்டு போன இடம் அதுதான்.

டிரைபாட் தலையில் முன்பின் நகரும் தகடு ஒன்றைப் பொருத்துங்கள். 1 மீட்டரில் ஒரு குச்சி, 4 மீட்டரில் இன்னொன்று, ஒன்றையொன்று மறைக்கும்படி நிறுத்துங்கள். கேமராவைத் திருப்பும்போது கிட்டக் குச்சி விலகித் தெரிந்தால் தகட்டை நகர்த்துங்கள். விலகாத இடம் கிடைக்கும்வரை விடாதீர்கள். இந்தச் சோதனையைப் படத்தின் நடுவில் செய்து ஏமாறுகிறவர்கள் பலர். மீன்கண் லென்ஸில் ஓரத்து ஒளிக்குப் பார்வைப் புள்ளி முன்னால் நகர்ந்துவிடும், ஒட்டு விழுவதும் ஓரத்தில்தான். ஆகவே குச்சிகள் படத்தின் விளிம்பருகே தெரியும்படி வைத்துப் பாருங்கள்.

வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலை எனும் நிறச் சரிப்பையும் முதல் படத்திலேயே பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல் பக்கம் இருண்டும் எதிர்ப்பக்கம் வெளுத்தும், சுவரின் நடுவே கோடு கிழித்ததுபோல் வரும். ஒட்டு வெறும் சுவரில் விழட்டும், ஜன்னலிலோ கதவு நிலையிலோ வேண்டாம். எடுக்கும்போது கேமராவுக்கு நேர் பின்னால் நில்லுங்கள். பக்கவாட்டில் நின்றால் உங்கள் தோள் படத்தில் வந்துவிடும்.

கேள்வி: ஒட்டுவதற்கு இலவச மென்பொருள் உண்டா? (வாசகி, சேலம்)

பதில்: ஹகின். ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ் 1998இல் எழுதி இலவசமாகக் கொடுத்த பனோரமா டூல்ஸ்தான் அதன் அடித்தளம். படத்துக்குப் படம் கட்டணம் வாங்கிய ஐபிக்ஸ், காப்புரிமையைக் காட்டி அவரை நெருக்கியது. பொதுவில் பயன்பட்ட ஒரு கருவியின் வளர்ச்சியை அது தடுத்தது வருத்தத்துக்குரியது.

லென்ஸ் வகையில் வட்ட மீன்கண்ணைத் தேர்ந்து, 183 டிகிரி என்று கொடுத்து, வட்டத்துக்கு வெளியே உள்ள கறுப்பை வெட்டிவிடுங்கள். இரண்டு படத்திலும் ஒரே இடத்தைக் குறிக்கும் பொருத்தப் புள்ளிகளை 3 டிகிரிக்குள் வைப்பது மிகக் கடினம். அதனால் இரண்டுக்குப் பதில் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று படம் எடுங்கள். ஒட்டுக்கு 63 டிகிரி கிடைக்கும், நாற்காலியும் தப்பும். வெளியீட்டுப் படம் அகலம் இரண்டுக்கு உயரம் ஒன்று. உங்கள் கேமராவுக்கு 2400×1200க்கு மேல் கேட்காதீர்கள், கோப்புதான் பெருக்கும்.