எட்டெழுத்துப் பெயர் ஏன் வைஃபை டிரைவரைக் கவிழ்க்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்கள் வைஃபை பெட்டிக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் ஒழுங்காக ஓடுகிறது. ‘மஞ்சக்குப்பம்’ என்று தமிழில் வைத்தால் சானல் தானாக மாறுகிறது, சில நேரம் பெட்டியே ரீபூட் ஆகிறது. டிரைவர், அதாவது வைஃபை சிப்பை இயக்கும் புரோகிராம், சிப்போடு வந்த பழையது. செட்டிங் பக்கம் ஐயாக்டில் (டிரைவருக்கு நேரடிக் கட்டளை அனுப்பும் வழி) வழியாக நேரே அதனிடம் பேசுகிறது. பிழை எங்கே?”

எண்ணிப் பாருங்கள். நம் கண்ணுக்கு எட்டெழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் எட்டு எழுத்துக்கும், அவற்றின் மேலுள்ள நான்கு புள்ளிக்கும் ஓர் உகரக் குறிக்கும் தனித்தனியாக மூன்று பைட் என்பதால் மொத்தம் 39 பைட் ஆகிவிடுகிறது. வைஃபை பெயருக்கு உள்ள இடமோ 32 பைட்தான். நீளத்தைப் பார்க்காமல் உங்கள் டிரைவர் மெம்காப்பி செய்தால், அதாவது பைட்களை அப்படியே நகலெடுத்தால், மிச்சம் 7 பைட் மெமரியில் பக்கத்து மதிப்புக்கான இடத்தில் போய் விழும். இந்த மதிப்புகளை அடுக்கி வைத்திருக்கும் ஸ்ட்ரக்சரில் பெயருக்கு அடுத்து சானல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், எனக்கு அங்கேதான் சந்தேகம்.

லினக்ஸில் வைஃபை செட்டிங்குகளைக் கவனிக்கும் சிஎஃப்ஜி80211 என்ற பகுதி வழியாக வந்திருந்தால், நீளத்தை லினக்ஸின் மையமான கெர்னலே பார்த்து, 10க்குக் கீழோ 10000க்கு மேலோ உள்ள பீக்கன் இடைவெளியையும் (பெட்டி தன் இருப்பை அறிவிக்கும் சைகைகளுக்கு இடையிலான நேரம்) சேர்த்து, வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். உங்கள் தனி வழியில் அந்தக் காவல் இல்லை, ஆகவே டிரைவர்தான் பார்க்க வேண்டும்.

சரி, 32இல் வெட்டிவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பத்துக் குறிக்கு 30 பைட், மீதி இரண்டில் அடுத்த ‘ப’ பாதியில் அறுந்து, போனில் ‘மஞ்சக்குப்’ என்பதற்குப் பின்னால் கேள்விக்குறிதான் தெரியும், பெட்டியோ எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும். தப்பான மதிப்பைத் தப்பு என்றே சொல்லுங்கள்: ‘செல்லாத மதிப்பு’ என்ற பிழை எண்ணான ஈஇன்வால், அதாவது -22. சிப்புக்குத் தெரியாத என்கிரிப்ஷன் கேட்டால் அது வேறு, அதற்கு ‘இந்த வசதி இல்லை’ என்ற பிழை எண், பெரும்பாலான லினக்ஸ் கருவிகளில் -95.

இதைவிட முக்கியம் வரிசை. பல பழைய டிரைவர்களில் ஓடிக்கொண்டிருக்கும் ஏபியை (போன்கள் இணைந்திருக்கும் வைஃபை) நிறுத்திவிட்டு அப்புறம்தான் புது செட்டிங்கைப் பார்ப்பார்கள்; அது செல்லாது என்று தெரியும்போது பழையதும் போயிருக்கும், இணைந்திருந்த எல்லாருக்கும் வைஃபை அறுந்திருக்கும். பெயர், நீளம், சானல், இடைவெளி எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்வரை ஹார்டுவேரைத் தொடாதீர்கள். தொட்ட பிறகு நடுவில் ஏதாவது தோற்றால், பிடித்த மெமரியையும் பூட்டையும் (லாக்) பிடித்ததற்குத் தலைகீழ் வரிசையில் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். பிழைப் பதிவில் ‘நீளம் 39, வரம்பு 32’ என்று ஒரு வரி இருந்தால் அடுத்து வருபவருக்கு அரை நாள் மிச்சம்.

திருத்தியதும் 0, 32, 33 பைட் பெயர்களைக் கொடுத்துப் பாருங்கள். கடலூர் 18 பைட், போக வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் 66, திரும்பி வர வேண்டும், அதுவரை ஓடிய வைஃபை அறுபடாமல்.