எதனால் கெடுகிறது என்று கேளுங்கள்

அன்புள்ள அண்ணா,

கேரள எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்திலிருந்து எழுதுகிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷமாக டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். சர்க்யூட் போர்டு வரைகிற கீகேட் மென்பொருளைக் கற்றுக்கொண்டு, வீட்டில் சொந்தமாக ஏழெட்டு போர்டு செய்து பார்த்துவிட்டேன். எலக்ட்ரானிக்ஸ் டிசைன் வேலையைத் தனியாக எடுத்துச் செய்ய ஆசை. இணைய வேலைத் தளங்களில் நாற்பது இடத்துக்கு எழுதிப் போட்டதில் ஒன்றுதான் கிடைத்தது, அதிலும் திருத்தம் திருத்தம் என்று இரண்டு மாதம் இழுத்துவிட்டார்கள். இப்போது கையில் இரண்டு வாய்ப்பு இருக்கிறது. பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒரு தோட்டக்காரர், தென்னைக்குள் சிவப்புக் கூன்வண்டு இருப்பதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி வேண்டும் என்கிறார். பணம் இல்லை, கம்பெனி தொடங்கினால் பாதிப் பங்கு தருகிறாராம். இன்னொருவர் கோயம்புத்தூரில் மோட்டார் பேனல் செய்கிறவர். வெளியில் வாங்கிக்கொண்டிருந்த டைமர் போர்டு வருவது நின்றுவிட்டது, மாதம் முப்பது தேவைப்படுகிறது, அதற்குப் பதில் ஒன்று செய்து தரச் சொல்கிறார். முதலாவது பெரிய கனவு, இரண்டாவது சாதாரண வேலை. எதை எடுப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

டைமர் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இனி வருகிற ஒவ்வொருவரையும் நீங்கள் இப்படித்தான் எடைபோட வேண்டியிருக்கும்.

நான் தனியாக வேலை எடுக்கத் தொடங்கிய இரண்டாவது வருஷம், பொள்ளாச்சிப் பக்கம் ஸ்டார்ட்டர் பேனல் செய்கிற ஒருவருக்கு டிரை ரன் போர்டு வடிவமைத்தேன். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்துகிற போர்டு. என் மேசையில் பிசகில்லாமல் ஓடியது. ஐப்பசி மழை பிடித்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு நானே போய்ப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்கப் புகைக்கரி. லைன் நுழைகிற இடத்தில், திடீரென ஏறும் வோல்டேஜிலிருந்து போர்டைக் காக்க நான் வைத்திருந்த நீல நிற எம்ஓவி நடுவில் பிளந்து, ஒரு பாதி போர்டிலும் மறு பாதி பெட்டிக்கு அடியிலும் கிடந்தது. மூலையில் இரண்டு பல்லி முட்டை. லைன்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, "ந்யூட்ரல் போயி" என்றார்.

அது 14டி471 என்கிற ரகம், 300 வோல்ட் வரை தாங்கும், 230 வோல்ட் லைனுக்கு எல்லாரும் போடுவதுதான். ஆனால் த்ரீ ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்துவிட்டால், எந்த ஃபேஸில் லோடு குறைவோ அந்த ஃபேஸில் 230 என்பது 300-ஐத் தாண்டி 400 பக்கம்கூட ஏறும். மின்னல் வெட்டும்போது கண நேரம் வந்து போகிற எழுச்சியை எம்ஓவி வாங்கிக்கொள்ளும். நிமிஷக்கணக்கில் நிற்கிற அதிக வோல்டேஜில் சூடேறி வெடித்துவிடும்.

பேனல்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "அது வருஷா வருஷம் நடக்கிறதுதானுங்களே" என்றார். இருபது வருஷமாக அவருக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்தவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்து அவரும் சொல்லவில்லை. அப்புறம் நியூட்ரலே வேண்டாமென்று, இரண்டு ஃபேஸுக்கு நடுவே 415 வோல்ட்டில் ஓடுகிற மாதிரி பவர் சப்ளையை மாற்றினேன். அதற்குத் தகுந்த எம்ஓவி, அதற்கு முன்னால் ஒரு ஃபியூஸ், ஈரம் படாமல் இருக்கப் போர்டின் மேல் பூசுகிற கான்ஃபார்மல் கோட்டிங். அந்தக் காரணத்துக்காக அதன்பின் ஒரு போர்டும் திரும்பவில்லை.

அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்கிறேன்: இப்போது எதை வைத்துச் சமாளிக்கிறீர்கள், அது எதனால் கெடுகிறது? இதற்கு உடனே, விவரமாகப் பதில் சொல்கிறவரிடம் உண்மையான தேவை இருக்கிறது. அவர் ஏற்கெனவே அந்தத் தொல்லைக்குச் செலவு செய்துகொண்டிருக்கிறார். அந்தச் செலவில் ஒரு பங்குதான் உங்கள் கூலி. பதில் இல்லாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தனக்கு என்ன வேண்டும் என்பதை உங்கள் நேரத்தில்தான் கண்டுபிடிப்பார்.

உங்கள் கோயம்புத்தூர்க்காரரிடம் கெட்டுப்போன பழைய போர்டுகள் கட்டாயம் ஒரு சாக்குப் பை நிறைய இருக்கும். டிசைன் பேச்சுக்கு முன்னால் அதை வாங்கி வாருங்கள். இருபது போர்டை வரிசையாக வைத்து எதில் எது போயிருக்கிறது என்று எழுதுங்கள்: ரிலே முனை ஒட்டிக்கொண்டதா, கெபாசிட்டர் உப்பியதா, டிராக் எரிந்ததா. அந்த ஒரு தாள்தான் உங்கள் ஸ்பெசிஃபிகேஷன். இந்தப் பரிசோதனைக்குத் தனியாகச் சின்னத் தொகை கேளுங்கள். நான் பார்த்தவரை, இதைக் கொடுக்கத் தயங்கியவர்கள் பின்னால் டிசைனுக்கும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. "அதே போர்டை அப்படியே வரைந்து கொடுங்கள்" என்று அவர் சொல்லக்கூடும். வேலை அதேபோல் நடக்கட்டும், சர்க்யூட்டும் புரோகிராமும் உங்களுடையதாக இருக்கட்டும். அடுத்தவர் சிப்பிலிருந்து புரோகிராமை உருவி எடுக்கிற வேலைக்குப் போகாதீர்கள்.

விலை சொல்லும்போது இரண்டு சுற்றுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள். முதலில் செய்து வருகிற போர்டில் ஏதாவது ஒரு தப்பு வரும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும் வரும். அதை முதல் நாளே சொல்லிவிட்டால் அவர் பதறமாட்டார். நான் நாற்பது சதவீதம் அட்வான்ஸ், சாம்பிள் ஓடியதும் முப்பது, போர்டு தயாரிக்கக் கொடுக்கிற கெர்பர் ஃபைலும் புரோகிராமும் கைமாறும்போது மீதி என்று வாங்குகிறேன். பாகங்களை அவரே அவர் பணத்தில் வாங்கட்டும். புரோகிராம் ஓடுகிற சிப்பை, அதாவது மைக்ரோகன்ட்ரோலரை, தேர்ந்தெடுக்கும்போது அவசரப்படாதீர்கள். 2021 சிப் தட்டுப்பாட்டில் சாதாரண எஸ்டிஎம்32 எஃப்103 சிப்பே பல மடங்கு விலைக்குப் போனது. அதை மட்டும் நம்பிப் போர்டு போட்டவர்கள் தவித்தார்கள். அதே கால் அமைப்பில் மாற்றுச் சிப் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வரையத் தொடங்குங்கள்.

கூன்வண்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தோட்டக்காரரை ஒதுக்க வேண்டாம். வெளியே அறிகுறி தெரியும்போது பெரும்பாலும் மரம் காப்பாற்ற முடியாத நிலைக்கு வந்திருக்கும், அதனால் அவர் கேட்பது நியாயமான கருவி. புழு உள்ளே தின்கிற சத்தத்தை வைத்துக் கண்டறிய உலகம் முழுக்க ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆனால் கஷ்டம் போர்டில் இல்லை. காற்று, ஓலைச் சலசலப்பு, அணில், தள்ளி ஓடுகிற மோட்டார், இவை நடுவே அந்த மெல்லிய சத்தத்தைப் பிரிப்பதும், புழு இருப்பது உறுதியான மரம், இல்லாதது உறுதியான மரம் என்று நிறையப் பதிவுகள் சேர்ப்பதும்தான் வேலை. அதற்கு வருஷக்கணக்காகும். பாதிப் பங்கு என்றால் அத்தனை வருஷச் செலவும் உங்கள் தலையில். அவரிடம் போன வருஷம் எத்தனை மரம் போனது, என்ன செலவு செய்தார் என்று கேளுங்கள். கணக்கோடு சொன்னால், மூன்று வாரம் பத்து மரத்தில் சத்தம் பதிவு செய்து தருகிறேன், இவ்வளவு ஆகும் என்று ஒரு சிறு வேலையாகப் பேசுங்கள். அதற்குச் சம்மதித்தால் அவரும் நல்ல வாடிக்கையாளர்தான்.

இணையத் தளங்களில், ஏற்கெனவே இருக்கிற போர்டைத் திருத்தும் வேலைகளை மட்டும் பாருங்கள். கீகேட் போலவே போர்டு வரைகிற ஈகிள் மென்பொருளை 2026 ஜூனோடு நிறுத்துவதாக ஆட்டோடெஸ்க் 2023-லேயே அறிவித்தது. பழைய ஈகிள் ஃபைல்களைக் கீகேட்டுக்கு மாற்றிச் சரிபார்க்கிற வேலைக்கு ஆள் தேவைப்படும்.

மற்றபடி வேலை நம் பக்கத்திலேயே இருக்கிறது. வைண்டிங் கடையில் போய் உட்காருங்கள், எந்த மோட்டார் எதனால் கருகியது என்று அவர்களைவிட யாருக்கும் தெரியாது. பொள்ளாச்சி, கிணத்துக்கடவு மஞ்சி மில்களில் ஏற்றுமதிக்குப் போகிற பித்தில், அதாவது தேங்காய் நார்த் தூளில், உப்பு குறைந்திருக்க வேண்டும் என்பதற்காக இ.சி. என்கிற மின்கடத்தும் திறனை அளந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த மீட்டரின் முனை எத்தனை நாளைக்குத் தாங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் இன்டெக் இயந்திரக் கண்காட்சி நடக்கும்போது பெரிய ஸ்டால்களைவிட்டு, கடைசி வரிசையில் இருக்கிற சின்னப் பட்டறைக்காரர்களிடம் பேசுங்கள். தோட்டக்காரர், லைன்மேன், பேனல்காரர் மூவரிடமும் அவரவர் பேச்சில் பேச உங்களுக்கு வரும். எல்லையில் பிறந்ததற்கு அது பெரிய பலம்.

எல்லையால் வருகிற ஒரு சிக்கலும் உண்டு. வாளையார் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்கு, டிசைனை ஃபைலாக அனுப்பினால் அது சேவை. வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் மாநிலம் தாண்டினாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. எல்லை தாண்டிப் போர்டையே செய்து விற்றால் அது சரக்கு, முதல் பில்லுக்கே பதிவு வேண்டும். மாதம் முப்பது போர்டை நீங்களே செய்து தரச் சொன்னால் இதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், இப்போதே செய்துவிடுங்கள். பதிவு இருந்தால், 45 நாளுக்கு மேல் பாக்கி வைப்பவரிடம் வட்டியோடு கேட்க 2006-ஆம் வருஷச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது.

இருக்கிற வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். வெளி வேலை எடுக்கக் கூடாது என்று உங்கள் நியமனக் கடிதத்தில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் படித்துப் பாருங்கள்.

சாக்குப் பை கிடைத்ததும் அந்த டைமர் போர்டின் சப்ளைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு பெரிய பெட்டிக் கெபாசிட்டர் மட்டும் இருந்தால் அது கெபாசிட்டர் டிராப்பர், 5 வோல்ட் முனைகூட மெயின் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கும். மெயின் லைனிலிருந்து பிரித்துக் கரண்ட் தருகிற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதற்கு கரண்ட் கொடுத்துக்கொண்டு யுஎஸ்பி கேபிளை மாட்டாதீர்கள், லேப்டாப்பும் போகும், உங்கள் உயிருக்கும் ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மர் இல்லையென்றால் ஆறு மணிக்கு மேல் என் வீட்டுக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்.