இலையாய்த் தழைக்கிறது, பூ மட்டும் இல்லை!

கேள்வி: மொட்டை மாடியில் பெரிய தொட்டியில் குண்டுமல்லி வைத்து இரண்டு வருடமாகிறது. வெயிலில் வாடிவிடுமோ என்று தண்ணீர் டேங்க் நிழலில் வைத்திருக்கிறேன். அரிசி கழுவிய நீர், டீத்தூள் சக்கை தினமும் உண்டு. இடுப்புயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று வளர்ந்திருக்கிறது, பூ இல்லை. கோடையில் வந்த நாலைந்து மொட்டும் ஊதா நிறமாகிக் காய்ந்து உதிர்ந்தன. வெட்டிவிடலாமா என்றால், "பூச்செடியில் கத்தி வைக்கக் கூடாது" என்கிறார் மாமியார். இப்போது ஒரு ஜாதிமல்லியும் வாங்கியிருக்கிறேன். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதல் வேலையாகத் தொட்டியை அந்த நிழலிலிருந்து நகர்த்துங்கள். மல்லிக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். திருச்சி வெயில் நமக்குத்தான் கொடுமை, மல்லிக்கு அது சாப்பாடு. டீத்தூள் சக்கையையும் நிறுத்திவிடுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் தழைச்சத்து. தினமும் போட்டால் செடி இலையாகத்தான் விடும். பாலும் சர்க்கரையும் கலந்த சக்கை என்றால் எறும்பும் சேரும். அரிசி கழுவிய நீர் எப்போதாவது ஊற்றினால் போதும்.

இனி, வெட்டுவது. உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மொட்டும் பூவுமாக இருக்கும் செடியில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். ஆனால் மல்லி மொட்டு வைப்பது புதுத் தளிரின் நுனியில். முற்றிய கிளையை அப்படியே விட்டால் அது நீளுமே தவிர, பூ குறைந்துகொண்டே போகும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வேர்பிடித்த பதியன் கன்று வாங்கிவந்து நடுகிற விவசாயிகள், வருடம் தவறாமல் கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். அவர்கள் பிழைப்பே பூதான். இதை மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்.

குண்டுமல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரத்தில். அதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் தொங்கும்வரை காயவிடுங்கள். பிறகு கூர்மையான கத்தரியால் மண்ணிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மேலே உள்ளதை எல்லாம் வெட்டுங்கள். காய்ந்த குச்சி, உள்ளே ஒன்றோடொன்று உரசும் கிளை, எல்லாம் போகட்டும். மிச்சமிருக்கும் இலையையும் உருவிவிடலாம். அன்றைக்குப் பார்க்க வெறும் குச்சியாக நிற்கும், மனசு கஷ்டப்படும்; பயப்பட வேண்டாம். மேல்மண்ணைக் கொத்தி, நன்றாக மட்கிய சாணமோ மண்புழு உரமோ இரண்டு கை, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கை கலந்து தண்ணீர் ஊற்றுங்கள். சில வாரங்களில் கணுவுக்குக் கணு தளிர் வெடிக்கும். மார்ச் வாக்கில் மொட்டைப் பார்ப்பீர்கள்.

மொட்டு ஊதாவாகிக் காய்வது மொட்டு ஈயின் வேலையாகத்தான் இருக்கும். கொசு மாதிரிச் சின்ன ஈ. அதன் புழு மொட்டின் அடியில் இருந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். பிறகு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். அதனால் கருகிய மொட்டைச் செடியடியில் உதிரவிடாமல் பொறுக்கி அழித்துவிடுங்கள். மேல்மண்ணை அவ்வப்போது கிளறிவிடுவதும் இதற்காகத்தான். மொட்டு வைக்கத் தொடங்கியதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து, வாரம் ஒருமுறை சாயங்காலத்தில் தெளியுங்கள்.

பூக்கத் தொடங்கியபின் பறிக்கிற கையில் கவனம் வேண்டும். மல்லி பெரும்பாலும் மும்மூன்று மொட்டாக வைக்கும். நடுமொட்டு முதலில் பருக்கும், பக்கத்து இரண்டும் அப்போது அரிசி அளவில்தான் இருக்கும். கொத்தோடு இழுத்தால் அந்த இரண்டும் போச்சு. நகத்தால் நடுமொட்டை மட்டும் காம்போடு கிள்ளுங்கள். மூன்றும் முடிந்ததும் அந்த நுனியை இரண்டு ஜோடி இலைக்குக் கீழே கிள்ளிவிட்டால் புதுத் தளிர் வரும், மறுபடி மொட்டு வரும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் கோடை முழுக்கப் பூ எடுக்கலாம். வெள்ளையாகப் பருத்த மொட்டைச் சாயங்காலம் விரிவதற்கு முன் பறித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, வாழைநாரில் தொடுத்துப் பாருங்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூடமே மணக்கும். எல்லாவற்றையும் பறித்துவிடாமல் நாலைந்தைச் செடியிலேயே விடுங்கள். மாடியில் காற்று வாங்க வருகிறவர்களுக்கும் வாசம் வேண்டும் இல்லையா!

ஜாதிமல்லியைக் குண்டுமல்லியோடு சேர்த்து வெட்டிவிடாதீர்கள். அதற்குக் கவாத்து டிசம்பர் கடைசியில். இப்போதுதான் வாங்கியது என்பதால் இந்த வருடம் அதுவும் தேவையில்லை. பெரிய தொட்டிக்கு மாற்றி, படர ஒரு குச்சி ஊன்றிக் கொடுங்கள், போதும்.