அண்டர் தி கன்னில் எதை ரெய்ஸ் செய்வது? போக்கர் கேள்வி-பதில்

கே: அண்டர் தி கன்னில், அதாவது முதல் ஆளாகப் பேசும்போது, ஏஸ்-பத்து சூட்டட் (இரண்டும் ஒரே இனம்) வந்தால் ரெய்ஸ் செய்யலாமா (பந்தயத்தை உயர்த்தலாமா)?

ப: எத்தனை பேர் ஆடும் மேஜை? அதைச் சொல்லாமலேயே பாதிப் பேர் எழுதுகிறீர்கள். 6 பேர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரெய்ஸ். 9 பேர் என்றால் அதுதான் எல்லை. ஏஸ்-ஒன்பதைக் கீழே போட்டுவிடுவேன். பின்னால் எத்தனை பேர் பாக்கி என்று முதலில் எண்ணுங்கள், சீட்டை அப்புறம் பாருங்கள்.

கே: 9 பேர் மேஜையில் மொத்தம் எத்தனை சதவீதக் கைகளை (கிடைக்கும் இரண்டு சீட்டுகளை) ரெய்ஸ் செய்யலாம்?

ப: 8, 10 என்று வையுங்கள். 77-க்கு (இரண்டு ஏழு) மேல் ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயீன், கொஞ்சம் சூட்டட் படச்சீட்டுகள். 6 பேர் என்றால் 15-க்கு மேல் போகலாம்.

கே: கிங்-ஜாக் ஆஃப்சூட் (வேறு வேறு இனம்). இரண்டும் படம் என்று ரெய்ஸ் செய்தேன், மேஜையில் பொதுச்சீட்டாகக் கிங் விழுந்தும் மொத்தமும் போச்சு. என் அதிர்ஷ்டமா?

ப: அதிர்ஷ்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்? நான் பார்த்தவரை மேஜையில் அதிகம் பேரைக் கவிழ்த்த கை இதுதான். ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஜாக் ஜோடி, ஏஸ்-கிங், ஏஸ்-ஜாக், கிங்-குயீன், இத்தனையும் உங்களை அமுக்கும். பின்னால் 8 பேர் இருந்தால் அவர்களில் ஒருவரிடமாவது இதில் ஒன்று இருக்கும் வாய்ப்பு நாலில் ஒன்றுக்கும் மேல். ஏஸ்-கிங்கோடு மோதினால் நீங்கள் ஜெயிப்பது 100-க்கு 25 தடவைதான். இதில் கொடுமை, ஒன்றும் விழாவிட்டால் சின்ன நஷ்டத்தோடு தப்பிவிடுவீர்கள், கிங் விழுந்தால்தான் ஜெயிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு மூன்று தெருவிலும் (பொதுச்சீட்டு விழும் மூன்று சுற்றிலும்) கட்டுவீர்கள், அதுவும் பிளைண்டுகளை (கட்டாயப் பந்தயம் கட்டும் இருவரை) தவிர எல்லோருக்கும் முன்னால் பேசிக்கொண்டு. பட்டனில் (டீலர் இடத்தில்) இதே கை வரட்டும், பின்னால் பிளைண்டுகள் இரண்டே பேர், தாராளமாக ரெய்ஸ் செய்யுங்கள். மறுபடியும் சொல்கிறேன், பின்னால் உள்ள ஆட்களை எண்ணுங்கள்.

கே: 22, 33 வந்தால் லிம்ப் செய்து (உயர்த்தாமல் பிளைண்டு அளவு மட்டும் கட்டி) செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) பிடிக்கலாமே?

ப: செட் விழுவது 8-க்கு ஒரு தடவை. அதற்குள் பின்னால் ஒருவர் ரெய்ஸ் செய்துவிடுவார். 9 பேர் மேஜையில் கீழே போடுங்கள். லிம்ப் வேண்டவே வேண்டாம்.

கே: ஏஸ் ஜோடி வந்தால் 5 பிளைண்டுக்கு (பெரிய பிளைண்டுத் தொகையின் 5 மடங்குக்கு) ரெய்ஸ் செய்யலாமா?

ப: செய்யுங்கள், எல்லோரும் கண்டுபிடித்து ஓடிவிடுவார்கள். இரண்டரையோ மூன்றோ, எந்தக் கைக்கும் ஒரே அளவு.

கே: ஏஸ்-கிங்கில் ரெய்ஸ் செய்தேன், பட்டன் திரும்ப ரெய்ஸ் செய்தார். என்ன செய்திருக்க வேண்டும்?

ப: ஸ்டாக் (உங்கள் முன்னால் உள்ள சிப்புகள்) எவ்வளவு? அதையும் எழுதவில்லை. 20 பிளைண்டு என்றால் ஆல்-இன் (மொத்தத்தையும் கட்டுங்கள்). 100 என்றால் பெரும்பாலும் கால் (அவர் கட்டியதற்குச் சமமாகக் கட்டுவது).