அவனுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது?

கேள்வி: எங்கள் வீட்டில் யாருமே தன் தோல்வியை ஒத்துக்கொள்வதில்லை. மாமனாருக்கு எழுபதை நெருங்குகிறது, இன்னும் நாட்டுப்படகில் போகிறார். மீன்பாடு நன்றாக இருந்தால் 'நான் வலை விட்ட இடம் அப்படி' என்பார். வெறும் வலையோடு வந்தால் நீவாடு (கடல் நீரோட்டம்) சரியில்லை, காற்று சரியில்லை. மூத்தவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தோற்றுவிட்டான். கேட்டால் 'கொஸ்டின் பேப்பர் கஷ்டம்' என்கிறான். நண்பர்களிடம் 'நான் படிக்கவே இல்லடா' என்று பெருமையாக வேறு சொல்கிறான். இளையவளுக்கு ஏழு வயது. ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்துவிட்டு, அடுத்த வருஷம் நான்தான் ஃபர்ஸ்ட் என்கிறாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் மூன்று பேருக்கும். மூத்தவன் லீவு நாளில் தாத்தாவோடு கடலுக்குப் போவான். கரைக்கு வந்ததும் பங்குக் கணக்கை வாயாலேயே போட்டுவிடுவான், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் தூக்கம். அவனுக்குக் கணக்கு வராது என்று எனக்கு அப்போதே தெரியும். இவர்களை எப்படித் திருத்துவது?
— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: உங்கள் கடிதத்தில் காரணம் சொல்கிறவர்கள் மூன்று பேர் இல்லை, நான்கு பேர். நான்காவது ஆள் நீங்கள். 'அவனுக்குக் கணக்கு வராது' என்பது நீங்கள் சொல்லும் காரணம். நால்வர் சொன்னதில் உண்மையாகவே கெடுதல் செய்யக்கூடியது அது ஒன்றுதான், அதனால் நேரே அங்கே வருகிறேன்.

அதற்கு முந்தைய வரியை மறுபடி படித்துப் பாருங்கள். பங்குக் கணக்கை வாயாலேயே போடுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீன் போன விலையிலிருந்து டீசல் காசு, ஐஸ் காசு எல்லாவற்றையும் முதலில் கழிக்க வேண்டும். மிச்சத்தைப் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டும். கூட வந்த சின்னப் பையனுக்கு அரைப் பங்கு. முன்பணம் வாங்கியவன் இருந்தால் அவன் பங்கில் பிடித்தம். ஊருக்கு ஊர் வழக்கம் மாறும், ஆனால் எந்த ஊரிலும் இது லேசான கணக்கு இல்லை. ஈர மணலில் நின்றுகொண்டு, நாலு பேர் சுற்றிச் சத்தம் போட, இதைத் தப்பில்லாமல் சொல்கிற பையனுக்குப் பின்னமும் தெரியும், விகிதமும் தெரியும். ஒரு தரம் தப்பாகச் சொல்லியிருந்தாலும் கடற்கரையில் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் அவனுக்கு ஏதோ பிடிபடவில்லை. அது இயற்கணிதமாக இருக்கலாம், மூன்று மணி நேரத்தைப் பிரித்து எழுதத் தெரியாததாக இருக்கலாம். கணக்கே வராது என்பது மட்டும் பொய்.

இளையவளைப் பற்றிக் கவலையே வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குத் திறமை வேறு, முயற்சி வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கஷ்டப்பட்டு ஓடினேன், அதனால் நான் நல்லா ஓடுகிறவள், அவ்வளவுதான் அவள் கணக்கு. ஜான் நிக்கல்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1978-இல் பிள்ளைகளை வயதுவாரியாகக் கேட்டுப் பார்த்து இதை எழுதினார். ஏறக்குறைய பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் இரண்டும் தெளிவாகப் பிரிகின்றன. ஒரே மார்க் வாங்கிய இரண்டு பேரில் அதிகம் படித்தவனுக்குத் திறமை குறைவு என்று அந்த வயதில்தான் யோசிக்க வருகிறது.

உங்கள் மூத்தவன் அந்த வயதைத் தாண்டிவிட்டவன். 'படிக்கவே இல்லடா' என்று அவன் சொல்வதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது பயமாகத் தெரிகிறது. படிக்காமல் தோற்றால் சோம்பேறி என்பார்கள், அதோடு போயிற்று. ராப்பகலாகப் படித்துவிட்டுத் தோற்றால்? மண்டையில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். அந்தப் பேருக்குச் சோம்பேறிப் பட்டம் எவ்வளவோ மேல் என்று பதினைந்து வயதுப் பையன் முடிவு செய்கிறான். கோவிங்டன், ஓமெலிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1979-இல் எழுதிய ஆய்வில், மாணவனுக்கு முயற்சி என்பது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி என்றார்கள். படிக்காவிட்டால் வாத்தியார் திட்டுவார், படித்தும் தோற்றால் தன் மேலேயே நம்பிக்கை போய்விடும். உங்கள் மகன் யாருடைய வார்த்தைக்குப் பயந்து முந்திக்கொள்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். 'எனக்கு அப்போதே தெரியும்' என்பதை நீங்கள் வீட்டில் சொல்லாமலா இருந்திருப்பீர்கள்?

சரி, மாமனார். ஜெயித்தால் என்னால், தோற்றால் வேறு எதனாலோ என்று நினைப்பது அவருக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. 2004-இல் 266 ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுத்துப் பார்த்தார்கள். இந்தச் சாய்வு ஏறக்குறைய எல்லாரிடமும் இருக்கிறது, சிறு பிள்ளைகளிடமும் முதியவர்களிடமும் மிக அதிகம். மனச்சோர்வில் இருப்பவர்களிடம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எல்லாத் தோல்வியையும் 'என் தப்புதான், என் தப்புதான்' என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் நிறைந்த வீட்டை உங்களுக்கு நான் விரும்ப மாட்டேன்.

அதோடு, அவர் சொல்வதில் பாதி நிஜம். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்று இரண்டு கடலுக்கு நடுவில் இருக்கிற ராமேஸ்வரம் தீவு உங்களுடையது. வாடை அடித்தால் வடக்குக் கடல் கெட்டுப்போகும், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் தெற்குக் கடல். நிலாவும் நீரோட்டமும் மீனை இழுத்துக்கொண்டு போகும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர் அவர். அன்று ராத்திரி எவ்வளவு பெரிய கடலோடியாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. தன் கையில் இல்லாதது எவ்வளவு என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் உங்கள் வீட்டில் இல்லை. வெறும் வலையோடு வந்த நாளில் 'எனக்குக் கடல் வராது' என்று அவர் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? காற்றைத் திட்டுவார், சாப்பிடுவார், வலையைச் சீர் பார்ப்பார், மறுநாள் வேறு இடத்தில் விடுவார். அவர் சொல்லும் காரணம் அவரைத் திரும்பக் கடலுக்கு அனுப்புகிறது.

பெர்னார்ட் வைனர் என்ற உளவியல் அறிஞர் 1970-களில் இருந்து இந்த விஷயத்தையே ஆராய்ந்தார். தோற்றவன் சொல்லும் காரணம் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதோடு அவர் நிறுத்தவில்லை. அது மாறக்கூடியதா, அவன் கையில் இருக்கிறதா என்றும் கேட்டார். உங்கள் மாமனாரின் காற்று நாளைக்கு மாறும். மகனுடைய வினாத்தாளும் அடுத்த தடவை மாறும். 'கணக்கு வராது' என்பது மாறவே மாறாது, அவன் கையிலும் இல்லை. அப்புறம் எதற்கு அவன் புத்தகத்தைத் திறப்பான்?

எனக்கு மனசு பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. ஜோன் மில்லர் என்ற ஆய்வாளர் 1984-இல் அமெரிக்காவிலும் மைசூரிலும், தெரிந்தவர்கள் செய்த நல்லது கெட்டதுக்குக் காரணம் கேட்டார். எட்டு வயதுப் பிள்ளைகளிடம் பெரிய வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏற அமெரிக்கர்கள் 'அவன் குணம் அப்படி' என்றார்கள். மைசூர்க்காரர்கள் சூழ்நிலையைச் சொன்னார்கள். இந்தப் பக்கத்து மனிதர்கள் சூழ்நிலையைப் பார்க்கப் பழகியவர்கள். அடுத்த வீட்டுப் படகு நஷ்டப்பட்டால் விலை விழுந்தது, வலை அறுந்தது, எஞ்சின் மக்கர் என்று பத்துக் காரணம் நமக்குத் தெரிகிறது. பெற்ற பிள்ளையின் மார்க் என்று வந்தால் மட்டும் ஒரே காரணம், அவன் மண்டை. இதை நான் எத்தனையோ கடிதங்களில் பார்க்கிறேன். மற்றவர்களுக்குக் கொடுக்கிற நியாயத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

அதற்காக 'நீ முயற்சி பண்ணவில்லை' என்று அடுத்த தடியை எடுத்துவிடாதீர்கள். உண்மையிலேயே உட்கார்ந்து படித்தவனை அந்த வார்த்தை இன்னும் ஆழமாகக் குத்தும். கரோல் ட்வெக் என்ற உளவியல் ஆய்வாளர் 1975-இல், தோல்வி வந்ததும் கைவிட்டுவிடும் பிள்ளைகள் 12 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு ஒன்று இருக்கிறது. பாதிப் பேருக்கு லேசான கணக்குகளாகக் கொடுத்து ஜெயிக்க வைத்தார். மீதிப் பேருக்கு அவ்வப்போது தோற்கவும் விட்டு, இன்னும் கொஞ்சம் முயன்றால் வரும் என்று எடுத்துச் சொன்னார். பிறகு கஷ்டமான கணக்கு வந்தபோது தாக்குப்பிடித்தவர்கள் இரண்டாவது கூட்டம்தான். அந்தப் பிள்ளைகளுக்குத் திட்டு விழவில்லை, அடுத்த கணக்கு கொடுக்கப்பட்டது.

இப்போதுள்ள பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. வடிவியல் வரைதலும் வரைபடமும் தலா 8 மதிப்பெண். மொத்தம் 30 ஆயிற்று. தேர்ச்சிக்கு 35 போதும். அவனோடு உட்கார்ந்து, எந்த இடத்தில் கை நின்றது என்று கேளுங்கள், குரலை உயர்த்தாமல் கேளுங்கள். தனக்கு விளங்காத இடத்தை அவனே காட்டினால் பாதி வேலை முடிந்தது, மீதியை அவன் கணக்கு ஆசிரியரிடம் கொண்டுபோகலாம். துணைத்தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் எது என்பதையும் நாளைக்கே பள்ளியில் விசாரித்துவிடுங்கள். தேர்வு முடிகிறவரை பையனைக் கடலுக்குக் கூப்பிட வேண்டாம் என்று மாமனாரிடம் சொல்லுங்கள். பேரனுக்காக என்றால் அவர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.