மரச்செதுக்கல் ஹாபியா பண்ணா கிரியேட்டிவிட்டி வளருமா?

வரையவே தெரியாது, செதுக்க வருமா, இதனால நம்மகிட்ட ஏதாவது மாறுமான்னு கேட்டிருக்கீங்க. கண்டிப்பா மாறும்ங்க. களிமண்ணுல எடுத்தத திரும்ப ஒட்டிக்கலாம், மரத்துல முடியாது, அதனால ஒவ்வொரு வெட்டுக்கு முன்னாடியும் அந்த உருவத்த மனசுக்குள்ள திருப்பித் திருப்பிப் பாக்கணும், நடுவுல ஒரு கணு வந்துச்சுன்னா யானையோட தும்பிக்கைய வேற பக்கமா வளைச்சாகணும், கற்பனை நெசமா வேலை செய்யுறது அங்கதான். நார் ஓடுற திசைக்கு எதிரா உளிய விட்டா மரம் பிச்சுக்கிட்டு வந்துரும், அதுவே பொறுமைய கத்துக்குடுத்துரும்.

தேக்கெல்லாம் வேணாம், சாஃப்ட்டான குமிழ் மரத்துல ஒரு சின்ன துண்டு போதும். உளி கூர்மையா இருக்கணும், மழுங்குனா ரொம்ப அழுத்துவீங்க, அப்பதான் வழுக்கி கையில ஏறும். முடிஞ்சா பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூருக்கு ஒருதடவ போயிட்டு வாங்க, அந்த ஊர் மரச்சிற்பத்துக்கு 2020ல புவிசார் குறியீடு கெடச்சுது, ஒரே கட்டையில முழு சாமி சிலைய எடுக்குறாங்க, பக்கத்துல உக்காந்து அவங்க கை போற விதத்த பாருங்க, எந்த வீடியோலயும் அவ்வளவு வெளங்காது.